ஜப்பான் அரண்மனை இசையைப் பிரபுக்களே வாசித்தார்களா? மஸ்கெலியாவிலிருந்து ஒரு கேள்வி

மவுசாக்கலை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். கேள்வி ஜப்பானைப் பற்றியது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தா தப்புக்காரர், தப்பு என்னும் தோல் பறையை அடித்தவர். விடியக்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடுவதற்கு, தப்படித்து லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) எழுப்பியவர். மாசியில் காமனுக்குக் கம்பம் நட்டால் கூத்து முடியும் வரை அவர் கையிலிருந்து குச்சி இறங்காது. போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய தப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு எட்டுப் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

இங்கே பனி இறங்கினால் தோல் தொய்ந்து போகும், சத்தம் வராது. கொஞ்சம் மிலாறு (காய்ந்த தேயிலைக் குச்சி) பொறுக்கிப் பழைய கொப்பித் தாளோடு கொளுத்தி, தப்பை அந்த அனலில் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். தாத்தா அதைச் செய்யும்போது யாரோடும் பேச மாட்டார். விரல் நுனியால் ஒரு தட்டு, காதைக் கிட்டே கொண்டுபோவார், திரும்பவும் நெருப்புக்கு. தோல் "டங்"கென்று பதில் சொல்லும் வரைக்கும் அப்படித்தான்.

போன தவணையில் ஒரு பரிசளிப்பு விழாவுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தினேன். கடைசி நேரத்தில், மேடையில் தப்பு வேண்டாம், வீணையும் வயலினும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த கிழமை இரண்டு பிள்ளைகள் வகுப்புக்கு வரவில்லை. ஒரு தாய் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "இழவு வீட்டு மேளம் அடிக்கவா டீச்சர் புள்ளைய பள்ளிக்கூடம் அனுப்புறேன்?" அவர் கெட்டவர் இல்லை. பட்டவர். எனக்கு ஒரு வார்த்தை பதில் வரவில்லை.

அன்றிரவு தூக்கம் வராமல் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. பட்டுடுத்திய ஒருவர், மூங்கில் குழாய்களைக் கட்டாகக் கட்டிய ஒரு வாத்தியத்தை ஒரு சின்னக் கரிச்சட்டிக்கு மேலே பிடித்து, மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். வாசிக்கவே இல்லை. சூடு காட்டிக்கொண்டே இருந்தார். தாத்தா முகத்தில் இருந்த அதே கவனம். அதற்கப்புறம்தான் அவர் வாயில் வைத்து ஊதினார். சுருதிப் பெட்டி பத்து சேர்ந்து பாடியதைப் போல ஒரு சத்தம்.

அது ககாக்கு என்னும் ஜப்பானிய அரண்மனை இசை, அந்தக் காலத்தில் பிரபுக்களே இதை வாசித்தார்கள் என்று கீழே எழுதியிருந்தது. அதைத்தான் கேட்கிறேன். உண்மையாகவே அவர்கள் கையாலேயே வாசித்தார்களா, அல்லது வித்துவான்களை வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்களா? மேளத்தையும் தொட்டார்களா? நம் பெரிய கங்காணி வீட்டு ஆள் ஒருவர் தப்பைக் கையில் வாங்கியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தத் தாய்க்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும்.


டிக்கோயா பொடியன், இப்போது நாரா:

டீச்சர், வணக்கம். நான் டிக்கோயா லயத்தில் பிறந்தவன். இங்கே நாரா பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். நான் பார்த்துக்கொண்ட ஐயா ஒருவர் ஐம்பது வருடம் கோயில்களில் நீங்கள் பார்த்த அந்த மூங்கில் வாத்தியத்தை வாசித்தவர். இந்த இசையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கற்றது.

அந்த வாத்தியத்தின் பெயர் ஷோ. 17 குழாய், அதில் 15தான் பேசும். மற்ற இரண்டும் அழகுக்கு. ஒவ்வொரு குழாயின் அடியிலும் மெல்லிய உலோக நாக்கு ஒன்று இருக்கும். ஊதினாலும் ஒலிக்கும், மூச்சை உள்ளே இழுத்தாலும் ஒலிக்கும். அதனால்தான் சத்தம் அறுபடாமல் வருகிறது. ஆனால் மூச்சின் ஈரம் அந்த நாக்கில் படிந்தால் சுருதி போய்விடும். அதற்குத்தான் கரிச்சட்டி. வாசிப்பதற்கு முன்னும் சூடு, இடையில் ஓய்வு கிடைத்தாலும் சூடு. அந்த ஐயாவுக்குக் கை நடுக்கம். ஆனால் ஷோவைக் கொடுத்துச் சின்ன மின் அடுப்பைப் பக்கத்தில் வைத்தால் அந்தக் கை நடுங்காது. அடுப்புக்கு மேலே பிடித்துத் திருப்பிக்கொண்டே இருப்பார். நானும் தப்பைக் காய்ச்சிப் பார்த்தவன்தான், டீச்சர். நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, உங்கள் கேள்வி. ஆமாம், பிரபுக்களே வாசித்தார்கள். பொழுதுபோக்காக இல்லை. ஒரு பிரபுவுக்குக் கவிதையும் கையெழுத்தும் எப்படி வர வேண்டுமோ அப்படி ஒரு வாத்தியமும் வர வேண்டும். நான் சொல்வது ஹெயான் காலம், அதாவது 794 முதல் 1185 வரை, தலைநகரம் இன்றைய கியோத்தோவில் இருந்த நாட்கள். அரண்மனைக்குள் 'கியோயூ' என்று ஒரு சபை கூடும். மன்னரும் பிரபுக்களும் உட்கார்ந்து தாங்களே வாசிப்பார்கள். மன்னர்களுக்குப் பிடித்தது புல்லாங்குழல். ஹொரிக்காவா என்ற மன்னர் அதில் பேர்போனவர். பிவா என்னும் நாலு தந்தி வீணையும், கோத்தோ என்னும் 13 தந்தி வாத்தியமும் பிரபு வீடுகளில் பாடமாகவே இருந்தன. 838இல் சீனாவுக்குப் போன தூதுக்குழுவில் ஃபுஜிவாரா நோ சதத்தோஷி என்ற பிரபு போய், அங்கே ஒரு குருவிடம் பிவா கற்றுக்கொண்டு, பாட ஏடுகளோடும் வாத்தியங்களோடும் திரும்பி வந்தார். 12ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ மொரோநாகா என்பவர் இரண்டு தடவை நாடுகடத்தப்பட்டார். இடையில் 1177இல் நாட்டின் மிக உயர்ந்த மந்திரிப் பதவிக்கும் வந்தார். பிவாவுக்கும் கோத்தோவுக்கும் அவர் தொகுத்த பெரிய சுரப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. முதலமைச்சர் ஒருவர் உட்கார்ந்து வீணைப் பாடம் எழுதியதாக நினைத்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர் மினமோட்டோ நோ ஹிரோமசா. மன்னர் தைகோவின் பேரன், 918இல் பிறந்தவர். 966இல் மன்னர் கட்டளைப்படி புல்லாங்குழல் பாடங்களைத் தொகுத்தார். ஆட்டம் முடிந்து ஆட்கள் கலையும்போது இன்றைக்கும் வாசிக்கும் 'ச்சோகெய்ஷி' அவர் இயற்றியது என்றே சொல்கிறார்கள். அவரைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. தலைநகருக்கு வெளியே, ஒசாக்கா என்ற மலைக் கணவாய்ச் சாவடிப் பக்கத்தில் (இப்போதைய ஒசாகா நகரம் இல்லை, இது வேறு) செமிமாரு என்ற பார்வையற்ற கிழவர் ஒரு குடிசையில் இருந்தார். ஒரு இளவரசர் வீட்டில் வேலைக்காரனாக இருந்து, இளவரசர் பிவா வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவர். வேறு யாருக்கும் தெரியாத இரண்டு உருப்படிகள் அவரிடம் இருந்தன. ஹிரோமசா நினைத்திருந்தால் ஆளனுப்பிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. இரவு இரவாக அந்தக் குடிசைக்கு வெளியே போய் நின்று, இன்றைக்கு வாசிப்பாரா, இன்றைக்கு வாசிப்பாரா என்று காத்திருந்தார். மூன்று வருடம். ஒரு பௌர்ணமி இரவு, நிலவு லேசாக மங்கியிருக்கும்போது, கிழவர் வாத்தியத்தை எடுத்தார். "இந்த இரவின் அருமை தெரிந்த ஒருவர் பேச்சுத் துணைக்கு இருந்தால்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஹிரோமசா உள்ளே போனார். கையில் வாத்தியம் கொண்டுவரவில்லை, அதனால் வாயால் சொல்லச் சொல்லக் கேட்டே அந்த இரண்டு உருப்படிகளையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

கதைதான். ஆனால் 900 வருடமாக அங்கே அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மன்னரின் பேரன் வேலைக்காரனின் வாசலில் நின்றதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

இனி மேளம். இதை மறைத்துவிட்டால் உங்களுக்குப் பொய் சொன்னவனாகிவிடுவேன். அந்தக் கியோயூ சபையில் குழல், ஷோ, பிவா, கோத்தோ, பாட்டு எல்லாம் இருக்கும். மேளம் வழக்கமாகக் கிடையாது. தாளத்துக்குப் பாடுகிறவர் கையில் இரண்டு மரச் சட்டங்கள், அவ்வளவுதான். மேளமும் ஆட்டமும் சேர்ந்த பெரிய நிகழ்ச்சி என்றால் பரம்பரை வாத்தியக்காரக் குடும்பங்கள் வருவார்கள். அவர்களுக்கு 'ஜிகே' என்று பெயர். தரையில் இருப்பவர்கள் என்று அர்த்தம். மன்னரின் மண்டபத்துக்கு மேலே ஏற உரிமையுள்ளவர்கள் ஒரு சாதி, ஏற முடியாமல் கீழே முற்றத்தில் நின்று வாசித்தவர்கள் இன்னொரு சாதி. இரண்டு பேருக்கும் இசை ஒன்றுதான்.


மாத்தளை மேளக்காரர்:

பிள்ளை, நான் நாதஸ்வரம். அப்பா, பாட்டன் எல்லாம் இதே தொழில். திருவிழாவுக்காக மாத்தளை, கண்டி, பண்டாரவளை என்று சுற்றாத இடமில்லை. ஜப்பான் போனதில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் என் மருமகன் இந்த இசையைப் போட்டுக் காட்டினான். அதில் உள்ள ஒரு சின்னக் குழலைக் கேட்டதும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஹிச்சிரிக்கி என்று பெயராம்.

ஒரு சாண் கூட இல்லாத மூங்கில், முன்னால் 7 துளை, பின்னால் 2. வாயில் வைப்பது நம் சீவாளியைப் போல இரட்டை நாக்கு. நாணல் தண்டைச் சூடு காட்டிச் சப்பையாக்கிச் செய்கிறார்கள். நல்ல நாணல் ஒசாகாவுக்கும் கியோத்தோவுக்கும் இடையே யோதோ ஆற்றங்கரையில் உதொனோ என்ற இடத்தில்தான் விளைகிறதாம். நம்மவர்களுக்குச் சீவாளி என்றால் காவிரிக்கரை மாதிரி. வாசிக்கும் முன் அந்த நாக்கை எதில் ஊற வைக்கிறார்கள் தெரியுமா? தேயிலைத் தண்ணீரில். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாங்கள் எச்சிலிலும் வெந்நீரிலும் பதப்படுத்துகிறோம். தேயிலை நாட்டில் இருந்துகொண்டு இது நமக்குத் தோன்றவில்லையே.

சுரத்திலிருந்து சுரத்துக்கு உதட்டாலேயே இழுத்துக்கொண்டு போகிறார்கள். துளையை மாற்றுவதில்லை. கமகம்தான், வேறென்ன சொல்வது? அவர்கள் அதற்கு 'எம்பாய்' என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

ஆயிரம் வருடத்துக்கு முன் அரண்மனையில் இருந்த ஒரு சீமாட்டி இந்தக் குழலின் சத்தம் பிடிக்காமல், இலையுதிர் காலத்துப் பூச்சி இரைச்சல் என்று எழுதி வைத்தாளாம். புல்லாங்குழல்தான் அவளுக்கு உசத்தி. ஆக வாத்தியத்துக்குள்ளேயும் மேல் கீழ் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. நாதஸ்வரம் கருவறைக்கு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று என் பாட்டன் காலத்தில் கணக்கு இருந்தது. தவில்காரர் அதற்கும் பின்னால். தப்புக்காரர் கோயில் வாசலுக்கே வெளியே.

ஒன்று சொல்கிறேன், தம்பி நாராவிலிருந்து எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அந்த வாத்தியக் குழு வாசிக்கும்போது நடத்துகிறவர் யார் என்று மருமகனைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். காக்கோ என்னும் இருமுக மேளம் வாசிப்பவர்தான். பக்கவாட்டில் வைத்து இரண்டு குச்சியால் அடிக்கும் சின்ன மேளம். குழுவில் மூத்தவர் கையில்தான் அது இருக்கும். ஷோவும் குழலும் அவர் அடியைப் பார்த்துத்தான் நடக்கின்றன. எந்தச் சபையிலும் தாளத்தைக் கையில் வைத்திருப்பவன்தான் தலைவன்.

இன்னொன்று. 752இல் நாராவில் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்தபோது தூரிகையைப் பிடித்தவர் போதிசேனர், இந்தியாவிலிருந்து போன துறவி. தூரிகையில் நீளமான கயிறு கட்டி வந்திருந்தவர்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். அன்றைக்குச் சீன இசை, கொரிய இசை, சம்பா நாட்டு இசை எல்லாம் அந்த முற்றத்தில் ஒலித்தன. சம்பா என்பது இன்றைய வியட்நாம் பக்கம். அங்கிருந்து புத்தெத்சு என்ற துறவி அதைக் கொண்டுபோய்ச் சொல்லிக் கொடுத்தார். ராஜசபை இசை என்று இன்று சொல்வதில் பெரும்பகுதி கடல் தாண்டி வந்தவர்கள் கையில் வந்ததுதான். நாமும் அப்படித்தானே வந்தோம், பிள்ளை. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த கூட்டத்தில் யாரோ ஒருவர் தோளில் இந்தத் தப்பும் வந்தது.


ஹப்புத்தளைக் காற்று:

எல்லோரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அந்தப் பிரபுக்களுக்கு நிலவில் குழல் வாசிக்க நேரம் எங்கிருந்து வந்தது? தூரத்துப் பண்ணைகளிலிருந்து நெல் வந்துகொண்டிருந்தது. 'ஷோஎன்' என்று சொல்வார்கள், வரி விலக்குப் பெற்ற தனி நிலங்கள். அதில் நின்று உழைத்தவனின் பெயரை எந்தச் சுரப் புத்தகமும் எழுதவில்லை. பங்களாவில் பியானோ வாசித்த துரைசானி நன்றாகத்தான் வாசித்திருப்பார். அதைக் கேட்டு வளர்ந்த என் அம்மாச்சி அந்தப் பியானோவைத் துடைக்க மட்டும்தான் தொட்டார். பிரபுக்கள் கையால் வாசித்தார்கள் என்பதை மரியாதையோடு ஏற்கிறேன். அதனாலேயே அவர்களை நம் பக்கத்து ஆட்களாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.


மவுசாக்கலை டீச்சர்:

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று இரவு இரண்டு தடவை வாசித்தேன். ஹப்புத்தளையில் இருந்து எழுதியவர் சொன்னதை நான் தள்ளவில்லை, அது என் மனசிலும் இருந்தது.

மாத்தளை ஐயா, தேயிலைத் தண்ணீரைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அது நம்ம தோட்டத்துத் தேயிலையா?" இல்லை, அவர்கள் ஊர்த் தேயிலை என்றேன். இருந்தாலும் அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

தம்பி, இன்னும் இரண்டு விஷயம் கேட்கட்டுமா? ஜிகே என்ற அந்த ஆட்கள் கீழே நின்று வாசித்தார்கள், சரி. அவர்கள் மேளத்துக்குத் தோல் எடுத்துக் கொடுத்தது யார்? எங்கள் வீட்டில் அந்த வேலையும் எங்களோடதாகத்தான் இருந்தது, அதனால் கேட்கிறேன். அப்புறம், இத்தனை நூறு வருடம் இது எப்படி அறுந்து போகாமல் வந்தது? தாத்தாவுக்கும் எனக்கும் இடையில் ஒரே ஒரு தலைமுறைதான். அதற்குள்ளேயே பாதி அடி தொலைந்துவிட்டது. அப்பாவுக்கு வெட்கம், கற்றுக்கொள்ளவில்லை. தாத்தாவின் சாவுத் தப்பில் ஒரு திருப்பம் வரும், பாடை லயத்து மூலையில் திரும்பும்போது அடிப்பார். அதை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். இப்போது எனக்கு அது வரவில்லை. எத்தனை தடவை உட்கார்ந்து பார்த்தும் வரவில்லை.


டிக்கோயா பொடியன், இப்போது நாரா:

டீச்சர், நைட் ஷிப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன்.

தோல் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் நினைத்ததுதான். செத்த மாட்டை எடுப்பதும் தோல் பதனிடுவதும் ஒதுக்கப்பட்ட மக்களின் வேலையாக இருந்தது. அவர்கள் தனி ஊர்களில் இருந்தார்கள், மற்றவர்கள் அவர்களோடு சம்பந்தம் செய்ய மாட்டார்கள். 1871இல் சட்டம் போட்டு அந்தப் பெயர்களை எடுத்தார்கள், ஆனால் ஒதுக்குவது அதோடு போகவில்லை. ஒசாகாவில் நனிவா என்ற பகுதி பல தலைமுறையாகத் தாய்க்கோ மேளங்கள் செய்த இடம். கோயிலுக்கும் திருவிழாவுக்கும் அவர்கள் செய்துகொடுத்த மேளத்தை மற்றவர்கள் அடித்தார்கள். 1987இல் அந்தப் பகுதி இளைஞர்கள், நாம் செய்யும் மேளத்தை நாமே அடிப்போம் என்று ஒரு குழு தொடங்கினார்கள். குழுவுக்கு 'இக்காரி' என்று பெயர் வைத்தார்கள். கோபம் என்று அர்த்தம். அந்த வீதியில் நான் நடந்து பார்த்திருக்கிறேன். மேளக்காரச் சிலைகள் வைத்திருக்கிறார்கள்.

அறுந்து போகாமல் வந்ததா என்று கேட்டால், அறுந்துதான் போனது. 1467இல் தொடங்கிய ஓனின் போர் பத்து வருடம் நடந்தது. கியோத்தோ எரிந்து தரைமட்டமானது. வாத்தியக்காரர்கள் செத்தவர்கள் போக மிச்சம் ஊர் ஊராகச் சிதறினார்கள். பல உருப்படிகள் அதோடு போயின. பிரபுக்கள் தங்கள் வீட்டைக் காப்பாற்றவே வழியில்லாமல் இருந்தார்கள். மறுபடி சேர்த்தபோது நாராவின் கோயில் வாத்தியக்காரர்களையும் ஒசாகாவின் ஷித்தென்னோஜி வாத்தியக்காரர்களையும் கூட்டி வந்துதான் கியோத்தோவின் குறையை நிரப்பினார்கள். மண்டபத்தில் ஏறக்கூடாது என்று யாரைக் கீழே நிறுத்தினார்களோ, அந்தக் குடும்பங்கள்தான் ஷோவை ஒன்று, குழலை ஒன்று என்று பிள்ளைக்குப் பிள்ளை கொடுத்துக் காப்பாற்றி வைத்திருந்தன. 1870இல் தோக்கியோவில் அரசு அலுவலகம் ஒன்று திறந்து மூன்று ஊர் ஆட்களையும் அதில் சேர்த்தார்கள். பரம்பரை உரிமை, ரகசியப் பாடம் எல்லாம் எடுபட்டது. 1876இலும் 1888இலும் எல்லோருக்கும் பொதுவான பாடத் தொகுப்பு எழுதி வைத்தார்கள். ஜப்பானின் தேசிய கீதத்துக்கு 1880இல் மெட்டுப் போட்டவர்களும் இந்த அரண்மனை வாத்தியக்காரர்கள்தான். 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ககாக்கு வந்துவிட்டது.

புத்தகம் இருந்தாலும் அவர்கள் அதிலிருந்து கற்பதில்லை, டீச்சர். இதுதான் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். முதலில் வாத்தியமே கையில் தர மாட்டார்கள். 'ஷோகா' என்று வாயால் பாட வேண்டும். "ச்சீ ரா ரோ" என்று குழலின் போக்கைச் சொல்லாகச் சொல்லி, கையால் தொடையில் தாளம் போட்டு, மாதக் கணக்கில். மனசில் ஏறிய பிறகுதான் குழல். எங்கள் ஐயாவுக்கு மறதி நோய். பெற்ற மகளின் பெயர் மறந்து போனது. என்னை ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பார். ஆனால் 'எத்தென்ராக்கு' என்று அவர்களுடைய கலியாணங்களில் வாசிக்கும் ஒரு உருப்படி இருக்கிறது. அதன் முதல் சொல்லை நான் தப்பாகச் சொன்னால், கையைத் தட்டித் திருத்துவார். அவர் போய் நாலு மாதம் ஆகிறது. கடைசிக் கிழமையில் பேச்சு நின்ற பிறகும் இரண்டு விரல் போர்வையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

வருடா வருடம் டிசம்பர் 17இல் இங்கே காசுகா கோயிலில் ஒரு திருவிழா. 1136இலிருந்து நடக்கிறது. நடுச்சாமத்தில் விளக்கு எல்லாம் அணைத்துவிட்டு, போனைக் கூட எடுக்கக்கூடாது, கும்மிருட்டில் சாமியைக் கீழே கொண்டுவருவார்கள். முன்னால் இரண்டு பெரிய பந்தங்களைத் தரையோடு இழுத்துப் போவார்கள், நெருப்புத் துகள் பாதையில் இரண்டு கோடாகக் கிடக்கும். ஆள் முகம் தெரியாது. இலைக்கொத்து உரசும் சத்தம், பூசாரிகளின் "ஓ" என்ற குரல், அப்புறம் குழல். அந்தக் குளிரில் நின்றபோது எனக்கு நம்முடைய காமன் எரியும் இரவுதான் ஞாபகம் வந்தது. விடிந்த பிறகு, அன்றைக்குப் பிற்பகலிலிருந்து இரவு வரை புல்தரையில் ஆட்டம். இரண்டு பக்கமும் தீச்சுடர் வேலைப்பாட்டோடு ஆளுயரத்துக்கும் மேலே பெரிய மேளங்கள். அடித்தால் நெஞ்சுக்குள் கேட்கும்.

உங்கள் தாத்தாவோடு அடித்த வேறு யாராவது உயிரோடு இருக்கிறார்களா? பக்கத்துத் தோட்டத்தில்? காமன் கூத்து மாஸ்டர் யாராவது? இருந்தால் தப்பைக் கையில் கொடுக்காதீர்கள். வாயால் சொல்லச் சொல்லுங்கள். மூலையில் திரும்பும் அந்த அடி அவர் வாயில் இருக்கலாம்.


மவுசாக்கலை டீச்சர்:

தம்பி, ஐயாவுக்கு என் அஞ்சலி. நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

தாத்தாவோடு கூத்துக்குப் போனவர் ஒருவர் சாமிமலைப் பக்கம் மேல் பிரிவில் இருக்கிறார் என்று அப்பாதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போனோம். பஸ் விட்டு இறங்கி ஒரு மணித்தியாலம் ஏற்றம். கண் சரியாகத் தெரியாது, இஸ்தோப்பில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாத்தாவின் பெயரைச் சொன்னதும் அப்பாவின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, "நீ அடிக்கிறியா?" என்று கேட்டார். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. என்னைக் காட்டி, "இவ அடிக்கிறா" என்றார்.

மூலையில் திரும்பும் அடியை அவர் உடனே சொல்லவில்லை. சாவு அடியை வீட்டுக்குள் சொல்லக்கூடாதாம், வெயில் வந்ததும் வாசலுக்கு வெளியே போய்ச் சொல்கிறேன் என்றார். அன்றைக்கு வெயில் வரவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி போகிறோம்.

ஆனால் பிரட்டுத் தப்பைச் சொன்னார். அந்த அடிக்குச் சொல் இருக்கிறது என்பதே எனக்கு இது வரைக்கும் தெரியாது. தொடையில் தட்டிக்கொண்டு சொன்னார், நான் போனில் பதிந்து வைத்திருக்கிறேன்:

"கூட எடு கூட எடு கொழுந்துக்கு வா
கூட எடு கூட எடு கொழுந்துக்கு வா
பனி போச்சு பனி போச்சு படியிறங்கி வா."

வியாழக்கிழமை வகுப்பில் நெருப்புப் போடவில்லை. தப்பைச் சுவரிலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துத் தொடையில் தட்டி இதைச் சொல்ல வைத்தேன். நின்றுபோன இரண்டு பேரில் ஒருத்தி வந்திருந்தாள். அவளைக் கூட்டிப்போக வந்த தாய் ஜன்னலுக்கு வெளியே கூடையோடு நின்றார். இரண்டாவது வரி வரும்போது அவர் வாயும் அசைந்தது. அவர் அப்பா வீட்டில் இதைத்தான் சொல்லி எழுப்புவாராம். மூன்றாவது வரி தப்பு, அது "பனி போச்சு" இல்லை, "பனி கெடக்கு" என்று எனக்குத் திருத்திச் சொன்னார்.